டீச்சர் பெயரில் ஓர் அறை

மார்ச் 4, செவ்வாய்

மறுபடியும் லிஃப்டுக்குப் பக்கத்து அறை. யாராவது ஏறி இறங்கும்போதெல்லாம் அதன் மணி என் தலையணைக்குள் அடிக்கிறது. பாலம் இடிந்ததை விசாரிக்கும் கமிஷன் இந்த ஊரில் உட்காரத் தொடங்கியதிலிருந்து மாதம் இரண்டு முறை வருகிறேன். இதே ஓட்டல், இதே மணி. ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் கழிவுநீர்க் குழாய்.

காலையில் கீழே சாப்பிடப் போனால், முக்கண்ணன் எனக்கு முன்பே வந்து ஆம்லெட்டை வெட்டிக்கொண்டிருந்தான். எங்கள் பத்திரிகைக்கும் இன்னும் சில பத்திரிகைகளுக்கும் படம் எடுப்பவன். மூன்றாவது கண், கழுத்தில் தொங்குகிற காமிரா.

“எனக்கு மேல மூலை அறை சார். ஆறு முழுசா தெரியுது. இடிஞ்ச பாலத்தைப் படுத்துக்கிட்டே படம் எடுக்கலாம்.”

“உனக்கு யாருடா கொடுத்தா?”

“யாரும் கொடுக்கல. பாயின்ட் கொடுத்துச்சு.”

இந்த ஓட்டல் குழுமத்தில் உறுப்பினராகச் சேர்ந்துகொண்டால், தங்கும்போதெல்லாம் கணக்கில் புள்ளி ஏறுமாம். கொஞ்சம் சேர்ந்தால் நல்ல அறை. நிறையச் சேர்ந்தால் குழுமத்தின் எந்த ஊர் ஓட்டலிலும் காசில்லாமல் தங்கலாம்.

“நீங்க தங்கின தங்கலுக்கு இந்நேரம் இந்த ஓட்டலையே எழுதிக் கொடுத்திருப்பாங்க சார். ஊருக்கெல்லாம் நியாயம் கேப்பீங்க, உங்களுக்கு ஒரு நல்ல அறை கேட்கத் தெரியாது.”

உடனே போனிலேயே சேர்ந்துவிட்டேன். பெயர் கேட்டது, அடித்தேன். முகவரி கேட்டது, அடித்தேன். காப்பி ஆறுவதற்குள் வேலை முடிந்தது.

பிறகு, குழுமத்தின் மற்ற ஓட்டல்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தேன். கடலோரத்தில் ஒன்று இருக்கிறது. அறையின் ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. கண்ணாடி முழுக்கக் கடல். படத்தை வீட்டுக்கு அனுப்பினேன்.

டீச்சரிடமிருந்து பதில்: “நல்லா இருக்கு. யார் போறாங்க?”

மார்ச் 6, வியாழன்

டீச்சர் என்பது என் மனைவி. பள்ளியில் கணக்கு எடுக்கிறாள். வீட்டில் என்னைத்தான் எடுக்கிறாள்.

நேற்று வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். “யார் போறாங்கன்னா என்ன அர்த்தம்? நாமதான்.”

“ஏங்க, என் பேரு போகாத ஊரு உண்டா? கலவரத்துக்குப் போயிருக்கு, வெள்ளத்துக்குப் போயிருக்கு, ரெண்டு தடவை எல்லைக்கே போயிருக்கு. நான்தான் இந்த வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவுல பஸ்ல போய்க்கிட்டு இருக்கேன்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் சொன்னது அத்தனையும் உண்மை. நான் வேலைக்குச் சேர்ந்தபோது என் பெயரிலேயே இன்னொரு நிருபர் இருந்தார். எனக்கு மூத்தவர். “உனக்கு வேற பேரு சொல்லு” என்றார் அன்றைய ஆசிரியர். எனக்குக் கல்யாணமான புதிது. வாயில் வந்தது அவள் பெயர்தான். அன்றிலிருந்து நான் எழுதுவதற்கெல்லாம் மேலே அவள் பெயர். ஒருமுறை ஒரு கான்ட்ராக்டரின் மிரட்டல் கடிதம் நேராக அவள் பள்ளிக்கே போய்விட்டது. அவள் சிவப்பு மையால் பிழை திருத்தி, கீழே “மறுபடி எழுதி அனுப்பவும்” என்று குறித்துத் திருப்பி அனுப்பினாள். அந்த ஆள் அதற்குப் பிறகு எழுதவில்லை.

கடலோர அறையைக் காசு கொடுத்து எடுக்கிறேன் என்றேன். வாடகையைப் பார்த்துவிட்டு, “இதுக்கு வீடு முழுக்க பெயின்ட் அடிச்சிடலாம்” என்றாள். ஆக, புள்ளியில் போனால்தான் உண்டு. அக்டோபரோடு எனக்கு ஓய்வு. அதற்குப் பிறகு அலுவலகப் பயணமும் இல்லை, புள்ளியும் இல்லை. கமிஷன் செப்டம்பர் வரை உட்காரும் என்கிறார்கள். டீச்சர் காலண்டர் தாளின் பின்புறம் கணக்குப் போட்டாள். இரண்டு இரவுக்கு இருபத்துநாலாயிரம் புள்ளி. ஒரு பயணத்துக்கு மூவாயிரம் ஏறும். எட்டுப் பயணம். எட்டுக் கட்டம் வரைந்தாள்.

“முடியும்” என்றாள். மாணவர்களிடம் சொல்கிற அதே குரலில்.

மார்ச் 20, வியாழன்

கமிஷன் ஊருக்குப் போய்த் தங்கி வந்தாயிற்று. புள்ளி ஒன்றுகூட ஏறவில்லை.

ஒரே ஆள் சொன்னதை நம்பி நான் எதையும் எழுதியதில்லை. இதையும் அப்படியே விசாரித்தேன்.

ரிசப்ஷனில் இருந்த பெண்: “சார், உங்க ஆபீஸ் எங்ககிட்ட புக் பண்ணல. நடுவுல ஒரு புக்கிங் சைட் இருக்கு. அவங்க மூலமா வந்தா நீங்க அவங்க கஸ்டமர். பாயின்ட் வராது.”

ஓட்டல் குழுமத்தின் உதவி எண்ணில் இருந்த பெண்: “எங்க வெப்சைட், எங்க ஆப், இல்லன்னா நேரா ஓட்டலுக்கே போன். இந்த மூணுல எதுல பண்ணினாலும் வரும் சார். கம்பெனிக்குன்னு எங்ககூட ஒப்பந்தம் இருந்தா அதுக்கும் வரும்.”

முக்கண்ணன்: “தரகரை வெச்சுப் பொண்ணு பார்த்தா கமிஷன் தரகருக்குத்தான் சார்.”

மூன்று பேரும் ஒன்றையே சொல்கிறார்கள். செய்தி உறுதி. நடுவில் ஒருவரை வைத்துக் கேட்ட செய்தியை நான் தொட்டதே இல்லை. முப்பது வருடமாக நடுவில் ஒருவரை வைத்துத்தான் தூங்கியிருக்கிறேன்!

மார்ச் 24, திங்கள்

முதலில் ஆசிரியரிடம் போனேன். ஓட்டல்காரரிடம் ஒரு டம்ளர் ஜூஸ்கூட வாங்கக் கூடாது என்பது எங்கள் அலுவலக விதி. அலுவலகச் செலவில் தங்கிவிட்டு நான் புள்ளி சேர்ப்பது அந்த விதிக்குள் வருமா?

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஓட்டலைப் பத்தி நீங்க எழுதறீங்களா?”

“இல்ல. பாலத்தைப் பத்தி.”

“யாரு போய்த் தங்கினாலும் கொடுக்கறதுதானே?”

“ஆமா.”

“வாடகை ஒரு காசு ஏறக் கூடாது. மத்தபடி, அறை ஆபீஸோடது; அந்தக் கட்டில்ல படுத்த முதுகுவலி உங்களோடது. பாயின்ட்டும் உங்களோடதுதான்.”

அடுத்து டிக்கெட் மேடம். அலுவலகத்தில் எல்லாருக்கும் பயணம், அறை போட்டுத் தருகிறவர். வயதில் என் மகளைவிடக் கொஞ்சம் பெரியவர். அவர் மேஜை முன்னால் நின்று மந்திரிகளே பணிவாகப் பேசுவார்கள் என்று ஒரு பேச்சு உண்டு.

“சார், அந்த சைட்ல கொஞ்சம் கம்மி சார். எல்லாருக்கும் அதுலதான் போடறேன். உங்களுக்கு மட்டும் தனி வழின்னா நாளைக்கு ஸ்போர்ட்ஸ்காரங்க வந்து நிப்பாங்க.”

“இப்பவே ரெண்டையும் திறந்து பாருங்க. ஒரே தேதி, ஒரே அறை.”

பார்த்தார். அந்தத் தளத்தில் வாடகை குறைவாகத்தான் இருந்தது. எனக்கு முகம் விழுந்துவிட்டது. ஆனால் அவரே கீழே தள்ளிக்கொண்டே போனார். கடைசிப் பக்கத்தில் சேவைக் கட்டணம் என்று ஒன்று வந்து ஒட்டிக்கொண்டது. காலைச் சாப்பாடு தனி. ரத்து செய்தால் பணம் திரும்பாது. ஓட்டலின் சொந்தப் பக்கத்தில், உறுப்பினருக்கான வாடகையில், சாப்பாடும் சேர்ந்தே இருந்தது. முந்தைய நாள் வரை ரத்தும் செய்யலாம்.

டிக்கெட் மேடம் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். கமிஷன் ஒத்திவைக்கப்பட்டபோதெல்லாம் நாங்கள் இழந்த வாடகை அவருக்கும் நினைவு வந்திருக்க வேண்டும்.

“ஐயோ சார்” என்றார் மெதுவாக. “இத்தனை நாளா நான் மிச்சம் பிடிக்கறேன்னு நெனச்சேனே.”

“நீங்க மட்டுமா.”

மார்ச் 27, வியாழன்

கணக்குப் பிரிவு ஒப்புக்கொண்டது. இனி அலுவலகத்தில் எல்லாருக்கும் ஓட்டலிடமே நேராக. ஸ்போர்ட்ஸ்காரர்கள் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்கள். மந்திரிசபையைக் கவிழ்த்தபோதுகூட எவனும் எனக்கு டீ வாங்கிக் கொடுத்ததில்லை.

ஏப்ரல் 10, வியாழன்

என்ன இது. என்னதான் இது.

நேராகத்தானே புக் பண்ணினோம்? அவங்க ஆப்லதானே? உறுப்பினர் எண்ணைக்கூட ரிசப்ஷனில் வாய்விட்டுப் படித்துக் காட்டினேனே. கணக்கைத் திறந்தால் அதே பூஜ்யம், கண்ணைச் சிமிட்டாமல் என்னைப் பார்க்கிறது.

உதவி எண்ணுக்குப் போன் போட்டேன். அதே பெண்.

“சார், தங்கினது ஒருத்தர் பேர்ல இருக்கு. மெம்பர் வேற ஒருத்தர். மெம்பர் ஒரு மேடம் சார்.”

“எந்த மேடம்?”

பெயரைச் சொன்னாள்.

பெயர் கேட்டது, அடித்தேன். எந்தப் பெயரை? முப்பது வருடமாக யார் பெயர் கேட்டாலும் கை எதை எழுதுமோ, அதை. அறை மட்டும் அடையாள அட்டையில் இருக்கும் பெயரில்.

“அது என் புனைபெயர்மா.”

“அப்படின்னா என்ன சார்?”

“நான் எழுதற பேரு. என் மனைவி பேரு.”

“சார், நீங்க உங்க மனைவி பேர்ல எழுதறீங்க. சரி. ஆனா நீங்க உங்க மனைவி பேர்ல தூங்க முடியாது சார்.”

நியாயம்தான்.

ஏப்ரல் 11, வெள்ளி

டீச்சர் இவ்வளவு சிரித்து நான் பார்த்து ரொம்ப நாளாயிற்று. அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்து சிரித்தாள்.

உதவி எண் பெண் இரண்டு வழி சொல்லியிருந்தாள். ஒன்று, அடையாள அட்டையை அனுப்பி அந்தக் கணக்கை என் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம். இல்லையென்றால் அதை மேடத்துக்கே விட்டுவிட்டு, நான் புதிதாக ஒன்று தொடங்கலாம். தங்கி ஒரு மாதத்துக்குள் சேர்ந்தால், நேராகப் பதிவு செய்த அந்தத் தங்கலையும் ஏற்றித் தருவார்கள்.

“மாத்திடறேன்” என்று போனை எடுத்தேன். டீச்சர் அதைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

“அந்தக் கணக்கு என் பேர்லதானே இருக்கு? அப்ப என்னுது. தொடாதீங்க.” பிறகு அவளே உதவி எண்ணை அழைத்து: “ஏம்மா, இவர் சேர்க்கிற பாயின்ட்டை என் கணக்குக்கு மாத்த முடியுமா?”

ஒரே முகவரியில் இருக்கும் இரண்டு உறுப்பினர்கள் மாற்றிக்கொள்ளலாமாம். கட்டணம் கிடையாதாம். இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. கேள்வி கேட்டுச் சம்பாதிப்பவன் நான்.

நான் என் பெயரில் புதிதாக ஒரு கணக்குத் தொடங்கினேன். அவள் தன் பிறந்த தேதியைக் கொடுத்து, தன் போன் எண்ணையும் போட்டுப் பழைய கணக்கைச் சரிசெய்தாள். “இத்தனை வருஷத்துல என் பேரை வெச்சு நீங்க எனக்குச் சேர்த்துக் கொடுத்த முதல் சொத்து” என்றாள்.

ஏப்ரல் 14, திங்கள்

ஏறிவிட்டது. மூவாயிரம். டீச்சர் காலண்டர் தாளில் முதல் கட்டத்தை அடித்தாள்.

மே 22, வியாழன்

ரிசப்ஷன் பெண் சாவி அட்டையை நீட்டி, “இன்னிக்கு மேல சார்” என்றாள். மூலை அறை! ஆறு முழுவதும் தெரிகிறது. இடிந்த பாலத்தின் இரண்டு முனைகளும் நடுவில் ஒன்றுமில்லாமல் நிற்பதை முதல் முறையாக மேலிருந்து பார்த்தேன். கமிஷனில் பொறியாளர் சொன்னது அப்போதுதான் சரியாகப் புரிந்தது. நாளைய செய்தியில் முதல் பத்தியை மாற்றினேன்.

முக்கண்ணனுக்கு இந்த முறை லிஃப்ட் பக்கத்து அறை. வேறு ஏதோ புக்கிங் சைட்டில் மலிவாகக் கிடைத்ததாம்.

“தரகரை வெச்சியா?” என்றேன்.

“சார், வெந்த புண்ல வேலைப் பாய்ச்சாதீங்க.”

ஜூலை 10, வியாழன்

ஏழு கட்டம் அடித்தாயிற்று. இன்னும் ஒரே ஒரு பயணம். டீச்சர் நீச்சல் தெரியாமல் கடலுக்குப் போகலாமா என்று கேட்கிறாள். அறைக்குள் இருந்தபடியே பார்க்கிற கடல் என்றேன். “அது எனக்கு வேணாம். இறங்கணும்” என்கிறாள்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

கமிஷன் முடிந்தது. இனி அமர்வு கிடையாதாம், சாட்சியங்கள் போதும் என்று தலைவர் அறிவித்துவிட்டார். அறிக்கையை நேராக அரசிடம் கொடுப்பார். செய்தி ஆசிரியரின் மேஜைக்கு நான் எழுதிய நல்ல செய்திகளில் ஒன்றை அனுப்பிவிட்டு, வெளியே வராந்தாவில் நின்றேன். மற்ற நிருபர்கள் கை குலுக்கிக்கொண்டார்கள். எல்லாருக்கும் விடுதலை.

எனக்கு மட்டும் ஒரு கட்டம் பாக்கி. ஜூலைக் கடைசி அமர்வு ஒத்திவைக்கப்பட்டது. இன்றைய அமர்வுக்குக் காலையில் வந்து மாலையே திரும்பிவிட்டேன். நேற்றே வந்து தங்கியிருந்தால்! ஒரே அமர்வுக்கு எதற்கு அறை என்று நானே டிக்கெட் மேடத்திடம் வேண்டாம் என்றேன். அலுவலகத்துக்குச் செலவு வைக்கக் கூடாது என்ற பெருந்தன்மை. ரொம்ப நல்லவன் நீ.

ஓய்வுக்கு முன்னால் வேறு வெளியூர் வேலை இல்லை என்று ஆசிரியர் சொல்லிவிட்டார். புதியவர்களை அனுப்ப வேண்டுமாம். அதுவும் சரிதான்.

டீச்சரிடம் எப்படிச் சொல்ல?

ஆகஸ்ட் 6, புதன்

சொன்னேன். குறையும் புள்ளியை ஓட்டல்காரர்களே விற்கிறார்கள், வாங்கிவிடலாம் என்றும் சொன்னேன்.

“காசு கொடுத்து வாங்கினா அதுக்குப் பேரு பாயின்ட் இல்ல, பில்லு” என்றாள். காலண்டர் தாளை எடுத்துக் காலிக் கட்டத்தைப் பார்த்தாள். பிறகு பள்ளிக்குக் கிளம்பிவிட்டாள். பஸ் நிறுத்தம் வரை கூடவே போனேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

மாலையில் பையைக்கூடக் கீழே வைக்காமல் வாசலிலேயே நின்று சொன்னாள்.

“பேப்பர் திருத்தற முகாம் வருது. வெளியூர்ல. என்னைத் தலைமைத் திருத்துநரா போட்டிருக்காங்க.”

ஒவ்வொரு வருடமும் போடுவார்கள். ஒவ்வொரு வருடமும் மாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிடுவாள். நான் எந்த ஊரில் இருப்பேன் என்று எனக்கே தெரியாது, வீட்டை யார் பார்ப்பது.

“இந்தத் தடவை போறேன். அந்த ஊர்ல உங்க ஓட்டல்காரங்க ஓட்டல் ஒண்ணு இருக்கு. தங்கறதுக்கு எங்க துறை கொடுக்கற காசு அதுக்குச் சரியா வருது.”

ஆகஸ்ட் 14, வியாழன்

எங்கே சறுக்கப் போகிறது என்று காத்திருந்தேன். சறுக்கியது. ஆசிரியர் சங்கத்துக்காரர் எல்லாருக்கும் சேர்த்து ஒரு புக்கிங் தளத்தில் அறை போட்டுவிட்டாராம், டீச்சருக்கும் சேர்த்து.

“விட்டுடு” என்றேன். “சங்கத்தோட சண்டை வேணாம்.”

அவள் சண்டை போடவில்லை. சங்கத்துக்காரருக்குப் போன் செய்து, “தம்பி, என் பேரை மட்டும் எடுத்துடுப்பா, எனக்கு நானே பார்த்துக்கறேன்” என்றாள். எடுத்துவிட்டார். பிறகு நேராக ஓட்டலுக்கே போன் போட்டாள். நான் கதவோரம் நின்று கேட்டேன்.

“அறை என் பேர்ல. மெம்பர் நம்பர் சொல்றேன், எழுதிக்குங்க… சரி. இப்ப ஒரு கேள்வி. இந்த வாடகைக்குப் பாயின்ட் உண்டா, இல்லையா? ‘வரும்னு நெனக்கறேன்’ வேணாம். உண்டா, இல்லையா? உண்டுன்னா அதை எழுத்துல அனுப்புங்க. உங்க பேரு என்ன தம்பி?”

பெயரையும் குறித்துக்கொண்டாள். இவளை எங்கள் அலுவலகத்தில் சேர்த்திருந்தால் பாலம் இடிவதற்கு முன்பே செய்தி வந்திருக்கும்.

ஆகஸ்ட் 21, வியாழன்

வீட்டில் நான் மட்டும். ஓட்டல் அறையில் அவள் மட்டும். இது வரை எப்போதும் மாறித்தான் இருந்திருக்கிறது. ரொட்டி சுட்டுக் கருக்கினேன்.

போன் செய்தாள். “ஏங்க, இங்க மேனேஜர் ஓடியே வந்துட்டார். பேரைப் பார்த்துட்டு, ‘மேடம் நீங்கதானா அந்த ரிப்போர்ட்டர், எங்க ஓட்டல்ல ஏதாவது பிரச்சினையா’ன்னு முழிக்கறார்.”

“நீ என்ன சொன்னே?”

“பயப்படாதீங்க, எழுதறது அவரு. நான் திருத்தறவ மட்டுந்தான்னேன். பெரிய அறை தரேன்னார். வேணாம்னுட்டேன். ஜூஸ்கூட வாங்கல. உங்க ஆபீஸ் விதி என் பேருக்கும் உண்டில்ல?”

எப்படி இருக்கிறது அறை என்றேன். கொஞ்சம் யோசித்தாள்.

“நல்லா இருக்குங்க. யாரும் கூப்பிடல. கட்டில்ல குறுக்கால படுத்துப் பார்த்தேன்.”

ஆகஸ்ட் 27, புதன்

ஏறிவிட்டது! எட்டாவது கட்டத்தை அவளே அடித்தாள். பள்ளிக்கூட மணி அடிப்பதற்கு முன் அடிக்க வேண்டும் என்று செருப்புப் போட்ட காலோடு உள்ளே வந்து அடித்தாள். என் புள்ளிகள் எல்லாவற்றையும் அவள் கணக்குக்கு மாற்றினேன். அவளே பதிவு செய்தாள். நவம்பர், இரண்டு இரவு, கடல் பக்கம். வாடகைக்கான இடத்தில் பூஜ்யம். இந்தப் பூஜ்யத்தை இருவரும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அக்டோபர் 31, வெள்ளி

கடைசிச் செய்தி: பால அறிக்கை. கான்ட்ராக்டர் மேல் வழக்கு. முதல் பக்கம், மேலே அவள் பெயர். டிக்கெட் மேடம் அழுதார்.

நவம்பர் 8, சனி

ரிசப்ஷனில் இருந்தவர் தங்குவோர் சீட்டையும் பேனாவையும் என் பக்கம் தள்ளினார். பழக்கதோஷம், நானும் எடுத்துவிட்டேன். பெயர் என்ற இடத்தில் பேனா முனை பட்டும்விட்டது. அதற்குள் அவர் திரையைப் பார்த்துவிட்டு, “மன்னிக்கணும் சார், மெம்பர் மேடம்தான். அவங்கதான் எழுதணும்” என்றார்.

டீச்சர் எழுதினாள். முப்பது வருடம் தினமும் நான் பார்த்த எழுத்துகள்தான். அவள் கையில் அவை வேறு யாருடையவோபோல, நிமிர்ந்து, இடைவெளி விட்டு நின்றன.

கீழே ‘உடன் தங்குபவர்’ என்று ஒரு கோடு. அது எனக்கு. சொந்தப் பெயரை எழுதும் முன் கை ஒரு கணம் தயங்கிவிட்டது.

“தெரியலைன்னா கேளுங்க, சொல்றேன்” என்றாள்.

ரிசப்ஷன்காரர் மரியாதைக்குக் கேட்டார். “சார் என்ன பண்றார் மேடம்?”

“என்கூட வந்திருக்கார்.”

அறைக்குள் போனோம். ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி, கண்ணாடி முழுக்கக் கடல். படத்தில் இருந்ததுபோலவேதான். இரண்டு நிமிடம் நின்று பார்த்தாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுக் கீழே போய், புடவை நனைய இறங்கிவிட்டாள். அலை வரும்போதெல்லாம் பின்னால் ஓடி வராமல் நின்ற இடத்திலேயே நின்றாள். நான் கரையில் செருப்புக்குக் காவல்.

இப்போது பால்கனியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். தலையைத் துவட்டிக்கொண்டே தோளுக்குப் பின்னால் நின்று படிக்கிறாள். பேனாவைக் கேட்கிறாள். கொடுக்கிறேன்.

படித்தேன். விவரங்கள் சரி. கடல் மட்டும் இவர் எழுதியிருப்பதைவிடப் பெரியது.